குளிருக்கு மட்டும்தானா ‘ட்ரை சூட்’? வைகைக் கரையில் அது யாருக்குத் தேவை?

அரை மணி நேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டுக் கரையேறி ஜிப்பைத் திறந்தால், உள்ளே போட்டிருக்கும் பனியன்கூட நனைந்திருக்காது. ‘ட்ரை சூட்’ என்ற உடையின் வேலை இதுதான். ஐஸ்லாந்து, நார்வே, கனடா மாதிரி குளிர் நாடுகளில் ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்கு இது பழகிய பொருள். சித்திரை மாத வெயிலில் தார் ரோடு இளகும் மதுரையில் இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம்.

இருக்கிறது. இந்த உடை தடுப்பது தண்ணீரை மட்டும்தான். குளிரைத் தடுப்பது அதற்குள்ளே போடுகிற துணி. பலரும் கவனிக்காத இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், இரண்டு கேள்விக்கு விடை கிடைத்துவிடும். குளிர்ந்த நீரில் டைவ் செய்ய ஆசைப்படுகிறவர் எதைப் பார்த்து சூட் வாங்க வேண்டும்? ஆரப்பாளையத்தை ஒட்டி ஓடும் வைகையில் யாருக்காவது ட்ரை சூட் தேவை என்றால், அது யாருக்கு?

வெட் சூட், ட்ரை சூட் – என்ன வித்தியாசம்?

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். 25 டிகிரி காற்றில் சட்டையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து கதை பேசலாம். அதே 25 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் நடுக்கம் வந்துவிடும்.

வெட் சூட் என்பது நியோப்ரீன் என்ற ரப்பர் நுரையால் ஆனது. உள்ளே கொஞ்சம் தண்ணீரை விட்டு, அதை உடம்புச் சூட்டிலேயே வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொள்ளும். நுரைக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான் கம்பளி மாதிரி வேலை செய்கின்றன. ஆழம் போகப்போக இதில் ஒரு சிக்கல் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகி, குமிழ்கள் பாதியாகச் சுருங்கிவிடும். குளிர் அதிகமாகிற இடத்தில்தான் சூட் மெலிந்துபோகும்.

ட்ரை சூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ‘சீல்’ இருக்கும். பாதம்வரை மூடியிருக்கும். தண்ணீர் புகாத ஜிப் இருக்கும். உள்ளே இருப்பது காற்று. ஆழத்தில் அந்தக் காற்றும் சுருங்கி, உடை தோலைக் கவ்விப் பிடிக்கும். அதனால் சிலிண்டரிலிருந்து வரும் ஒரு மெல்லிய ஹோஸ் நெஞ்சில் உள்ள வால்வில் மாட்டப்பட்டிருக்கும். கீழே இறங்கும்போது அதை அழுத்திக் காற்று ஏற்ற வேண்டும். மேலே வரும்போது அந்தக் காற்று விரியும். அதைப் பெரும்பாலும் இடது தோளுக்குக் கீழே இருக்கும் இன்னொரு வால்வு வழியாக வெளியே விட வேண்டும். ஆக, போட்டுக்கொண்டால் போதும் என்கிற சமாச்சாரம் இல்லை இது. ஓட்டப் பழக வேண்டும்.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்?

ராமேஸ்வரம், தூத்துக்குடி, புதுச்சேரி, அந்தமான் பக்கம் டைவிங் போகிறவர்கள் இந்தச் செலவை மறந்துவிடலாம். அங்கெல்லாம் 3 மி.மீ. வெட் சூட்டே தாராளம். தண்ணீர் 10, 12 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களில்தான் ட்ரை சூட் அவசியமாகிறது.

ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் வருடம் முழுக்கத் தண்ணீர் 2 முதல் 4 டிகிரிதான். அங்கே ட்ரை சூட் சான்றிதழோ, அதில் டைவ் செய்த அனுபவமோ இல்லாதவர்களை ஸ்கூபாவுக்கு அனுமதிப்பதில்லை. கனடாவில் டொராண்டோவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் டோபர்மோரி இருக்கிறது. ஹூரான் ஏரியில் மூழ்கிய பழைய கப்பல்களைப் பார்க்க டைவர்கள் திரளும் ஊர். மேலே கோடை வெயில் அடித்தாலும் ஏரியின் ஆழத்தில் உறையவைக்கும் குளிர்தான். ஒன்றிரண்டு தடவைதான் போகப் போகிறீர்கள் என்றால், அங்கேயே வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். சொந்தமாக வாங்குவது ஆயிரம் டாலரில் தொடங்கி மூவாயிரத்தையும் தாண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது?

கடைக்காரர் முதலில் பிராண்டைக் காட்டுவார். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது துணியை. இதில் முக்கியமாக மூன்று வகை.

*ட்ரைலேமினேட்:* மெல்லிய துணிகளுக்கு நடுவே ரப்பர் படலம் வைத்து ஒட்டியது. எடை குறைவு, சீக்கிரம் காயும், பெட்டியில் மடித்து எடுத்துப்போகலாம். இதற்கென்று தனிக் கதகதப்பு கிடையாது. உள்ளுடையை மாற்றி மாற்றிப் போட்டு எந்தக் குளிருக்கும் பயன்படுத்தலாம் என்பதால் பயணம் போகிறவர்களுக்கு ஏற்றது.

*நியோப்ரீன்:* தானாகவே கொஞ்சம் கதகதப்பு தரும், உடம்போடு நன்றாக வளையும். கனம், காய நேரமாகும்.

*வல்கனைஸ்டு ரப்பர்:* வழவழப்பான கெட்டி ரப்பர். கனமானது, அழகெல்லாம் பார்க்க முடியாது. கிழிந்தால் சைக்கிள் ட்யூப் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி ஒட்டிவிடலாம். முக்கியமாக, இதைக் கழுவுவது சுலபம். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மதுரைக்கு வரும்போது உதவும்.

அடுத்து சீல். லேடெக்ஸ் நன்றாக இழுபடும், வசதியாக இருக்கும். ஆனால் வெயிலும் எண்ணெயும் பட்டால் பிசுபிசுத்துக் கெட்டுவிடும், சிலருக்கு அலர்ஜியும் வரும். அவர்களுக்கு சிலிகான் இருக்கிறது. கழுத்து சீல் ரொம்ப இறுக்கமாக இருந்தால் ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரும். “போகப்போக லூசாகிவிடும்” என்று யாராவது சொன்னால் நம்பி வாங்கக் கூடாது.

ஜிப் முதுகில் இருந்தால் மாட்டிவிட இன்னொருவர் வேண்டும். நெஞ்சுக்குக் குறுக்கே இருந்தால் தானே போட்டுக்கொள்ளலாம்.

அளவு பார்ப்பதுதான் கடைசி, ஆனால் அதிகம் பேர் தவறுவது இதில்தான். போடப்போகும் உள்ளுடையோடு சேர்த்துத்தான் சூட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து எழுந்து பாருங்கள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குங்கள். முதுகுச் சிலிண்டரின் வால்வைத் தொடுவதுபோல் பின்னால் எட்டிப் பாருங்கள். எங்கேயாவது இழுத்தால் அது உங்கள் சைஸ் இல்லை. தொளதொளவென்று இருந்தாலும் ஆபத்துதான், காற்று ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். உள்ளே பருத்தி மட்டும் வேண்டாம். நனைந்தாலோ வியர்த்தாலோ அது குளிரைக் கூட்டும். கம்பளியோ ஃப்ளீஸோதான் சரி.

வாங்கினால் போதுமா?

போதாது. 2020 நவம்பர் 1. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள மெக்டொனால்ட் ஏரியில் ஒரு பயிற்சி டைவ். 18 வயதுப் பெண் ஒருவர் முதல்முறையாக ட்ரை சூட்டில் இறங்கினார். அது யாரோ பயன்படுத்தி விற்ற சூட். அதில் காற்று ஏற்றும் ஹோஸ் மாட்டப்படவில்லை என்றும், தேவைக்கு மேல் ஈயக்கட்டிகள் கொடுக்கப்பட்டிருந்தன என்றும் பின்னர் தொடரப்பட்ட வழக்கில் கூறப்பட்டது. ஆழம் போகப்போக சூட் அவர் உடம்பை நெரித்தது. ஏற்றக் காற்று இல்லை. மேலே வரவும் முடியவில்லை. அவர் உயிர் பிழைக்கவில்லை.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. காற்று அதிகமாகிக் கால் பக்கம் போய்விட்டால் ஆள் தலைகீழாகி, நிறுத்த முடியாத வேகத்தில் மேலே வந்துவிடுவார். நுரையீரல் பாதிப்பு, ரத்தத்தில் வாயுக் குமிழ் என்று வேறு வினைகள் வரும். அதனால்தான் பயிற்சி நிறுவனங்கள் ட்ரை சூட்டுக்கென்றே தனி வகுப்பு வைத்திருக்கின்றன. அதன் முதல் பாடம் நீச்சல் குளத்தில்.

சூட், உள்ளுடை, காற்று, பயிற்சி. இந்த நான்கும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு. ஒன்று குறைந்தாலும் விலை உயர்ந்த ஆபத்து.

சரி, மதுரைக்கு என்ன சம்பந்தம்?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரம் வடக்கே நடந்தால் வைகை. அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் நாட்கள் தவிர, நகருக்குள் அது பெரும்பாலும் ஆகாயத் தாமரையும் கழிவுநீரும்தான். ஆற்றில் கழிவுநீர் கலப்பது பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பலமுறை கேள்வி கேட்டிருக்கிறது. ஊரைச் சுற்றிக் கண்மாய்கள், பாழுங்கிணறுகள், தண்ணீர் நிறைந்த கல்குவாரிப் பள்ளங்கள்.

இவற்றில் யாராவது மூழ்கினால், உள்ளே இறங்கித் தேட வேண்டியவர்கள் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறையினர். சில சமயம் நீச்சல் தெரிந்த உள்ளூர் ஆட்கள். இடுப்பில் கயிறும் அரைக்கால் சட்டையுமாகக் கிணற்றில் இறங்கும் படங்கள் நாளிதழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. அந்தத் துணிச்சலைப் பாராட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அவர் இறங்கிய தண்ணீரில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எலிக்காய்ச்சல் கிருமி ஒரு சின்னச் சிராய்ப்பு வழியாகவே உடம்புக்குள் போய்விடும். டைபாய்டு, மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ ஆகியவை ஒரு வாய்த் தண்ணீரில் வந்துவிடும். கண்ணாடிச் சில்லும் முள்கம்பியும் தனி. மதுரையில் ட்ரை சூட் தேவைப்படுவது இங்கேதான். குளிருக்காக இல்லை, அழுக்குக்காக.

இது விசித்திர யோசனை கிடையாது. மாசுபட்ட நீரில் டைவிங் செய்வதற்கென்றே அமெரிக்கக் கடற்படை தனி வழிகாட்டி வைத்திருக்கிறது. மெக்சிகோ சிட்டியில் ஜூலியோ கு கமாரா என்பவர் பல பத்தாண்டுகள் நகரின் கழிவுநீர்ப் பாதைகளில் மூழ்கி அடைப்பு எடுத்திருக்கிறார். தலையில் முழு ஹெல்மெட், உடம்பை முழுசாக மூடும் தண்ணீர் புகாத உடை, மேலிருந்து குழாய் வழியாக வரும் காற்று, பேசுவதற்கு இணைப்பு, கரையில் கூட்டாளிகள். ஒரு சொட்டுத் தண்ணீரும் அவர் தோலைத் தொடக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அழுக்கு நீருக்கு எந்த சூட்?

குளிர்ந்த கடலுக்கு வாங்கும் பட்டியல் இங்கே அப்படியே மாறிவிடும். நியோப்ரீன் நுரை ஸ்பாஞ்ச் மாதிரி அழுக்கை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் அது வேண்டாம். கழுவச் சுலபமான வல்கனைஸ்டு ரப்பர்தான் முதல் தேர்வு. பூட்ஸும் கையுறையும் சூட்டோடு இணைந்திருக்க வேண்டும். சாதாரண டைவிங் மாஸ்க் கண்ணையும் மூக்கையும்தான் மூடும், உதடு வெளியே இருக்கும். ஆகவே முகம் முழுக்க மூடும் மாஸ்க்கோ ஹெல்மெட்டோ கட்டாயம்.

கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். இன்னொரு டைவர் தயார் நிலையில் நிற்க வேண்டும். மேலே வந்தவுடன் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. முதலில் தண்ணீரையும் கிருமிநாசினியையும் அடித்து சூட்டைக் கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் முகத்தைத் திறக்கலாம். இந்த வரிசை மாறினால் அத்தனை செலவும் வீண்.

இந்த வெயிலில் சாத்தியமா?

நியாயமான கேள்வி. 40 டிகிரி வெயிலில் ரப்பர் சூட்டை மாட்டிக்கொண்டு கரையில் பதினைந்து நிமிடம் நின்றாலே மயக்கம் வந்துவிடும். குளிர் நாட்டு டைவருக்குக் குளிர் எதிரி என்றால், மதுரை டைவருக்கு வெப்பம்.

அதற்கு வழி இருக்கிறது. வியர்வையை இழுக்கும் மெல்லிய உள்ளுடை மட்டும் போடலாம். எல்லாம் தயாரான பிறகு கடைசியாக சூட்டை மூடலாம். நிழலுக்குத் தார்ப்பாய், சூட்டின்மேல் ஊற்றக் குளிர்ந்த நீர், குடிக்கத் தண்ணீர், ஆளுக்குக் குறைந்த நேர முறை. இவையெல்லாம் பெரிய செலவில்லை. ஆனால், யாராவது முன்கூட்டியே யோசித்து எழுதி வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே இறக்கினால் நம்ம ஊருக்கு ஒத்துவராது.

அப்போ பாதாளச் சாக்கடைக்கும் கொடுத்துவிடலாமா?

கூடாது. இதில் குழப்பமே வேண்டாம்.

2022 ஜனவரி 21 அன்று இரவு மதுரை பழங்காநத்தம் நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுது வேலையின்போது மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். கொன்றது விஷவாயு. அந்த இடத்தில் உலகின் மிக விலை உயர்ந்த சூட்டைப் போட்டிருந்தாலும், தனிக் காற்று இல்லையென்றால் முடிவு மாறியிருக்காது. கழிவுநீர்க் குழிகளில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை போய்விட்டது என்று நினைக்கும் நொடியில்தான் ஆள் விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுகிறார்.

2013-ல் வந்த கையால் மலம் அள்ளும் பணியாளர் தடைச் சட்டத்தின் விதிகளில் பாதுகாப்புக் கருவிகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது. அதில் பூட்ஸுடன் இணைந்த ‘வேடர் சூட்’ உண்டு. கேஸ் மானிட்டரும், குழாய் வழியாகக் காற்று தரும் சுவாசக் கருவியும் அதே பட்டியலில் உண்டு. ஆனால் விழா மேடையில் கொடுக்கவும் போட்டோ எடுக்கவும் வசதியானவை கையுறையும் பூட்ஸும் பிரதிபலிக்கும் ஜாக்கெட்டும்தான். கண்ணுக்குத் தெரிகிற உடை முன்னால் வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத காற்று பின்னால் போய்விடுகிறது. மொன்டானா ஏரியில் நடந்ததும் ஒரு விதத்தில் இதுதான். உடை இருந்தது, காற்றுக் குழாய் இல்லை.

கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. மனிதர்கள் இறங்கும் நிலையே இருக்கக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்புகளின் சாரம். அடைப்பு எடுக்க இயந்திரங்கள் இருக்கின்றன. கேரளத்தில் உருவான ‘பண்டிகூட்’ ரோபோ தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. எனவே “நல்ல சூட் வாங்கிக் கொடுத்துவிட்டோம், இறங்கு” என்ற பேச்சுக்கு இடமே இல்லை. ட்ரை சூட் பற்றிய விவாதம், மனிதர் இறங்குவதைத் தவிர்க்கவே முடியாத உயிர் மீட்புப் பணிக்கு மட்டும்தான்.

அங்கேயும் இயந்திரத்துக்கு முதலிடம் தரலாம். 2018 டிசம்பரில் மேகாலயாவில் வெள்ளம் புகுந்த நிலக்கரிச் சுரங்கத்தில் 15 தொழிலாளர்கள் சிக்கினார்கள். அடுத்த மாதம் முதல் உடலைக் கண்டுபிடித்தது கடற்படையின் நீருக்கடியில் இயங்கும் கேமரா வாகனம்தான். உயிரோடு இருக்க வாய்ப்பு உள்ளவரைத் தேடும்போது மனிதர் உடனே இறங்கலாம். உடலை மட்டும் எடுக்க வேண்டிய நிலையில், இன்னொரு உயிரை அவசரமாகப் பணயம் வைக்கத் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

“ஒரு சூட் விலையில் எத்தனை லைஃப் ஜாக்கெட் வாங்கலாம்!” என்று கேட்கலாம். வாங்கத்தான் வேண்டும். பாழுங்கிணறுகளுக்கு மூடியும், குவாரிப் பள்ளங்களுக்கு வேலியும் போடுவது எந்த சூட்டையும்விடச் சிக்கனம். ஆனால் அவையெல்லாம் நடந்த பிறகும் யாராவது ஒருவர் அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டிய நாள் வரும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். அவர்கள் மதுரை வந்துசேரும்வரை, கரையில் கதறி நிற்கும் குடும்பம் பொறுமையாக இருக்காது. கையில் கயிற்றோடு நிற்கும் வீரரும் இருக்க மாட்டார்.

எல்லாத் தீயணைப்பு நிலையத்துக்கும் ட்ரை சூட் தேவையில்லை. தென்மாவட்டங்களுக்குப் பொதுவாக மதுரையில் பயிற்சி பெற்ற ஒரு சிறு குழு இருந்தால் நல்ல தொடக்கம். டெண்டரில் ‘பாதுகாப்பு உடை – இத்தனை எண்ணம்’ என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தண்ணீருக்கு, என்ன துணி, எந்த மாஸ்க், எந்த வால்வு என்று எழுத வேண்டும். ஒவ்வொரு வீரரின் அளவும் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே ‘எக்ஸ்எல்’ என்றால் பாதிப் பேருக்குக் காற்று காலில் சேரும்.

வாங்குகிற தொகையோடு பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். மதுரை வெயிலில் குடோனில் இரண்டு கோடை கிடந்தால் லேடெக்ஸ் சீல் கையோடு பிய்ந்து வரும். ஏதோ ஒரு அவசர ராத்திரியில்தான் அது தெரியவரும். மாதம் ஒருமுறையாவது நீச்சல் குளத்தில் அந்த சூட்டோடு இறங்கிப் பழக வேண்டும். டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைடிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இதற்கு வெளிநாட்டு டாலர் தேவையில்லை.

ஐஸ்லாந்தின் சில்ஃப்ராவில் ஸ்கூபாவுக்குப் போகிற சுற்றுலாப் பயணிக்கு, ட்ரை சூட் சான்றிதழோ அனுபவமோ இல்லாமல் தண்ணீரில் இறங்க அனுமதியில்லை. அவர் வேடிக்கை பார்க்கப் போகிறவர். அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வைகைச் சகதியில் இறங்குகிறவர் கடமைக்குப் போகிறவர். குறைந்தபட்சம் அதே அளவு அக்கறையாவது அவர்மீது காட்ட வேண்டாமா? அடுத்த முறை ‘மீட்பு உபகரணங்கள் வழங்கப்பட்டன’ என்று செய்தி வந்தால், எத்தனை வழங்கினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் தண்ணீரில் இறங்கிப் பழகியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.